டாம் ஆடும் சனிக்கிழமை

அன்புள்ள சேகர்,

நாவலின் மூன்று அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. மெல்போர்ன் குளிரையும் தூறலையும் நன்றாகப் பிடித்திருக்கிறாய். ஆனால் உன் நாயகன் டாம் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட மைதானத்தில் இறங்கியதும் உனக்குக் கால் வழுக்குகிறது. கதை நடப்பது 1926-இல். அவன் ஆடுவது நாற்பது வருஷம் பிந்திய ஆட்டம். தப்பு இருந்தால் தயங்காமல் சொல் என்று நீதான் எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன்.

முதலில் காசு. ஆட்டம் முடிந்ததும் செயலாளர் டாமின் கையில் ஐந்து ஷில்லிங்கைத் திணிப்பதாக ஒரு வரி. அந்த வரியோடு அவனுடைய அமெச்சூர் தகுதி போயிற்று. அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டி என்று நம் பத்திரிகைகள் பழக்கிவிட்டன. அங்கே அதற்குக் கூலி வாங்காமல் ஆடுகிறவன் என்றுதான் பொருள், ஆட்டத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த மாநிலத்தின் முதன்மைப் போட்டியான விக்டோரியன் ஃபுட்பால் லீக் 1911-இல் ஆட்டக்காரருக்குக் காசு கொடுப்பதை அனுமதித்தது. அதில் இருந்த பல்கலைக்கழக அணி காசு வாங்காமலே ஆடிப் பார்த்தது. வரிசையாக 51 ஆட்டம் தோற்று 1914 முடிவில் விலகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பல்கலைக்கழகப் பையன்கள் ஆடியது அமெச்சூர் சங்கத்தில். உன் டாமுக்கும் அதுதான் இடம். சங்கத்தின் பெயரையும் திருத்து: அப்போது அது மெட்ரோபாலிட்டன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன். ‘விக்டோரியன்’ என்ற சொல் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் ஏறியது. அந்தச் சங்கத்தில் காசு எதிர்த்திசையில் போகும். சந்தா, டிராம் கட்டணம், பூட்ஸ் எல்லாம் டாமின் பையிலிருந்து. லீக் ஆசாமிக்கோ 1930-இல் வந்த கூல்ட்டர் விதிப்படி ஆட்டத்துக்கு மூன்று பவுண்டு வரை கிடைக்கும். பொருளாதார மந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி. இரண்டாம் பாகத்தில் டாமுக்குச் சபலம் வர வேண்டுமானால் அங்கே வரட்டும்.

அடுத்தது நேரம். டாம் வங்கிக் குமாஸ்தா, சனிக்கிழமை அரைநாள் வேலை உண்டு. மதியம் பேரேட்டை மூடிவிட்டு, பூட்ஸ் பையோடு கேபிள் டிராமில் தொங்கி வருகிறவனை நீ காலை பத்து மணிக்கே மைதானத்தில் நிறுத்தியிருக்கிறாய். பயிற்சி வாரத்தில் இரண்டு சாயங்காலம் என்று வை. ஜூன் கடைசியில் அங்கே ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். வேலை விட்டு வருபவனுக்குப் பந்தே தெரியாது. ஓட்டமும் உடற்பயிற்சியும்தான் மிஞ்சும், உதை பழக வெளிச்சம் கிடைக்காது. உயரே எம்பிப் பிடிக்கத் தனியாகப் பழகலாம். அதில் பேர்போன ராய் காசலி, கொட்டகையில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு எம்பி எம்பிப் பழகியவர். டாமுக்கும் ஒரு கொட்டகை கொடு. ஆட்டம் முடிந்து எட்டு மணிக்கு அணி முழுக்க மதுக்கடையில் பாடுகிற காட்சியை எடுத்துவிடு: 1916 முதல் விக்டோரியாவில் மதுக்கடைகள் ஆறு மணிக்கு மூடின. மைதானத்திலிருந்து ஓடினால் அரைமணி நேரம் கிடைக்கும்.

இனி உதை. அத்தியாயத்தின் உயிரே அங்கேதான், அங்கேதான் நீ மழுப்பியிருக்கிறாய். ‘ஓங்கி உதைத்தான்’ என்றால் எந்த உதை? அன்றைக்கு அழகென்று மதிக்கப்பட்டது டிராப் கிக். முட்டை வடிவப் பந்தைக் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, மேல்முனை சற்றுத் தன் பக்கம் சாய, இரு கையாலும் பிடிக்க வேண்டும். உயரத்திலிருந்து போடக் கூடாது, தாழ்த்தி விட வேண்டும். கீழ்முனை தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்தில் புறங்கால் பட வேண்டும். முந்தினால் பந்து உருளும், பிந்தினால் செங்குத்தாக வானத்துக்குப் போகும். காலை முழுக்க வீசாமல் பாதியில் நிறுத்தி, தாழ்வாக இருபது முப்பது கஜத்தில் இருக்கும் சகாவின் மார்புக்கு அனுப்பினால் அது ஸ்டாப் (stab) கிக். இவை இரண்டுக்கும் கெட்டியான தரை வேண்டும். சேற்றில் முனை புதைந்துவிடும், எழும்பாது. உன் டாமோ கொட்டும் மழையில் டிராப் கிக் அடித்துக் கோல் போடுகிறான்! அப்படிப்பட்ட மழை நாளில் விவரமுள்ளவன் பந்தைத் தரையில் படவிடாமல் காலில் போட்டு பண்ட் அடிப்பான். நிதானமாகக் கோல் குறிவைக்க நேரம் கிடைத்தால் பிளேஸ் கிக்கும் உண்டு. குதிகாலால் சிறு குழி பறித்துப் பந்தை நிறுத்தி ஓடி வந்து உதைப்பது. செயின்ட் கில்டாவின் டேவ் மக்னமாரா அதற்குப் பெயர் பெற்றவர். காற்றடித்தால் பந்து சாய்ந்துவிடும், திரும்பத் திரும்ப நிறுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பந்தும் நீ நினைக்கிற பந்தில்லை. காலிங்வுட்டின் ஷெரின் பட்டறைப் பந்து நான்கு தோல் துண்டுகளைத் தைத்தது. உள்ளே ரப்பர்ப் பை. காற்றடித்து, பையின் கழுத்தை மடித்துக் கட்டி உள்ளே தள்ளி, மேலே தோல்வாரை இழுத்துக் கோக்க வேண்டும். கழுத்து சரியாகப் படியாவிட்டால் ஒரு பக்கம் புடைக்கும், பந்து பறக்கும்போது தள்ளாடும். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நான்கு பகுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அதைத் தூரம் அனுப்ப ஆளால் ஆகாது. அதனால்தான் ஈர நாளில் கோல் எண்ணிக்கை குறையும்.

பூட்ஸ் கணுக்கால் மூடும் தோல் பூட்ஸ். அடியில் தோல் வில்லைகளை அடுக்கிச் சிறு ஆணியால் அறைந்திருப்பார்கள். தோல் தேயத் தேய ஆணித்தலை வெளியே வரும், அடுத்தவன் தொடை கிழியும். ஆட்டத்துக்கு முன் விரலால் தடவிப் பார்ப்பது டாமுக்கு நல்ல பழக்கமாக இருக்கும். நனைந்த பூட்ஸை அவன் கணப்படுப்புப் பக்கத்தில் வைக்கிறானே, வேண்டாம், தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலரவிட்டு, பிறகு கொழுப்புப் பூச்சைத் தேய்க்கட்டும்.

முழங்கால் பிசகிய டாமுக்குப் பதில் இன்னொருவன் இறங்குகிறான் என்பது நடக்காது. லீகிலேயே பத்தொன்பதாவது ஆள் 1930-இல்தான் வந்தான். அதுவரை பதினெட்டுப் பேர், அவ்வளவுதான். நொண்டுகிறவனை முன்வரிசை மூலையில் நிறுத்திவைப்பார்கள். ஒரு எதிராளியையாவது அவன் கட்டிப்போடுவான். சிராய்ப்பைச் சாதாரணமாகவும் விடாதே. ஆன்டிபயாடிக் இல்லாத காலம், அயோடின் தடவிப் பார்ப்பார்கள். சீழ் வைத்தால் டாம் திங்கட்கிழமை வங்கிக்குப் போக முடியாது, அதைக் கேட்கவும் ஆளில்லை.

அவன் பார்க்கப் போகும் லீக் ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நடுவர் உள்ளே வீசுவதாக எழுதியிருக்கிறாய். 1925 முதல் 1938 வரை அப்படி இல்லை, கடைசியாகத் தொட்டவனுக்கு எதிராக ஃப்ரீ கிக். ஓரத்தில் ஒதுங்கி ஆடியவர்களெல்லாம் நடுவே வந்தார்கள். 1929-இல் காலிங்வுட்டின் கார்டன் கவென்ட்ரி ஒரே பருவத்தில் 124 கோல் அடித்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கடைசிப் பக்கத்தையும் பார். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்த கோலுக்கு 6 புள்ளி, அதை ஒட்டிய பக்கக் கம்பத்துக்குள் போகும் பிஹைண்டுக்கு 1. டாம் அணி 11 கோல் 9 பிஹைண்ட், எதிரணி 10 கோல் 14 பிஹைண்ட், 72-க்கு 74 என்று தோற்றதாக அழ வைத்திருக்கிறாய். எதிரணிக்கு 74 சரி. டாம் அணிக்கு 75 வருகிறது. ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள் அவர்கள். கணக்கை மாற்றுவாயா, அழுகையையா?

அன்புடன்,
முரளி