ஒரு நாள் அதிகம் சாப்பிட்டால் மறுநாள் பட்டினி எதற்கு?

ஆசிரியருக்கு,

எடைக் குறைப்பு பற்றி நிறைய எழுதுகிறீர்கள், சரி. ஆனால் நடுவில் ஒரு நாள் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டவர் மறுநாள் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் எடை மெஷினில் ஏறி, ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதைப் பார்த்து, அதோடு உணவுக் கட்டுப்பாட்டையே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிக் கூடிய எடையில் பெரும்பகுதி கொழுப்பே அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும், ஒரே ராத்திரியில் நடக்கிற காரியமா அது? உப்பு பிடித்துவைக்கும் தண்ணீர், உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் ஒட்டிக்கொள்ளும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர், இன்னும் செரிக்காமல் குடலில் கிடப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது; வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானே இறங்கிவிடும்.

பிராயச்சித்தமாகப் பட்டினி கிடப்பதுதான் உண்மையான வம்பு. காலையும் மதியமும் வெறும் வயிறாக இருந்தவர் இரவு தட்டின் முன் உட்கார்ந்தால் கை நிற்காது. அடுத்த வேளையை எப்போதும்போல் அளவாகச் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, எடை பார்ப்பதை நாலு நாள் தள்ளிப்போட்டால் போதும்.

அப்புறம், அடிக்கடி இப்படி நடந்து, நிறுத்தவே முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. அதையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதலாமே.

- ஒரு வாசகர்