கோரிக்கை மனு: பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போக ஓர் உத்தரவு போடுங்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

அனுப்புநர்: அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய், தேரூர் பக்கம்.

பொருள்: பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் படிப்பை உள்ளூர் நீர்நிலைகளில் நடத்தக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன பரீட்சையில் ஈரநிலம் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினாள். ராம்சர் ஈரானில் இருக்கிறது, ஈரநிலங்களைக் காக்க அங்கே ஒப்பந்தம் போட்டது 1971-இல் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஆனால் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற தேரூர் குளம், சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து 2022-இல் அந்த ஒப்பந்தத்தின் ராம்சர் பட்டியலில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு, "அது பாடத்துல இல்லியே அம்மா" என்றாள். அன்று ராத்திரியே இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

திட்டங்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். தேசிய பசுமைப் படை இருக்கிறது, பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, மஞ்சப்பை பற்றிப் பேச்சுப்போட்டியும் நடக்கிறது. ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நம் ஊரில் ஜூன் மழை நன்றாகப் பெய்வதால் கன்றும் தளிர்த்துவிடுகிறது. அப்புறம் ஆடு கடித்தோ, ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலோ அது போய்விட, அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று. எங்கள் பள்ளியில் மூன்று வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகலாமே என்று கேட்டால், "தண்ணிப் பக்கம் ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்கிறார்கள். நியாயமான பயம்தான். அந்தப் பயத்தைத் தீர்க்க உங்கள் கையெழுத்து போட்ட ஓர் உத்தரவு வேண்டும்: மாதம் ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு பள்ளியும் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு குளத்தையோ ஓடையையோ கடற்கரையையோ எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அதையே போய்ப் பார்க்க வேண்டும், கூடவே தீயணைப்புத் துறை ஆள் ஒருவரும் கிராம நிர்வாக அலுவலரும் வர வேண்டும். பெற்றோர் நாங்களும் முறைவைத்து வருகிறோம்.

பிள்ளைகள் செய்யப்போவது பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. படித்துறையில் தண்ணீர் எத்தனாவது படி வரை நிற்கிறது, சானலில் தண்ணீர் வருகிறதா, மடையில் என்ன குப்பை அடைத்திருக்கிறது, ஆகாயத்தாமரை போன மாதத்தைவிடப் பரவியிருக்கிறதா, கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் எத்தனை, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும், ஐந்து வருஷம் கழித்து அந்த நோட்டு நீர்வளத் துறைக்கும் வனத் துறைக்குமே உதவும்.

சொல்லிக்கொடுக்க ஆள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மடை திறந்து பழகிய பெரியவர்கள் இருக்கிறார்கள். கடலோர ஊர்களில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே சொல்லும் மீனவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் பட்ட பாட்டை அவர்கள் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பேச்சிப்பாறைப் பக்கம் காட்டை அறிந்த காணிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இவர்களை மரியாதையாக அழைத்து, ஒரு நாள் கூலியை மதிப்பூதியமாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம், களப்பணியும் அதில் உண்டு. என் அண்ணன் மகன் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியே அதை முடித்தான். அந்தக் களப்பணியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டால், பெரிய பிள்ளைகள் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவார்கள், சின்னப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு வரும் பணத்தில் கொஞ்சம் கோடை விடுமுறையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்குப் போகட்டும்.

குளிர்காலத்தில்தான் வலசைப் பறவைகள் இங்கே இருக்கும். அதனால் டிசம்பருக்குள் தேரூர், சுசீந்திரம், மணக்குடி பக்கத்துப் பள்ளிகளிலாவது இதைத் தொடங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான கூட்டம் வைத்தால், எங்கள் மேலாண்மைக் குழுப் பெற்றோர் எந்தத் திங்கட்கிழமை கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்