ஸ்காட்பர்க் கரையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே 60 கிலோமீட்டர் போல் இருக்கிற ஸ்காட்பர்க்கில், இந்த ஈஸ்டருக்குக் கூடிய எங்கள் குடும்பத்தார் 46 பேர் சேர்ந்து எழுதும் மடல் இது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் தொடங்கி, குடும்ப தின விடுமுறையான திங்கள் வரை ஐந்து நாள். உதவியவர்கள் யாரும் பெயர் போடுவதை விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். பெயரை விட்டுவிட்டு, செய்ததை மட்டும் சொல்கிறோம். பெரிய கூட்டமாகக் கடற்கரைக்குக் கிளம்பும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே.

முதல் நன்றி, பாறைமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்கு. விடியற்கால ஆராதனைக்கு நாற்காலிகளை எங்கே போடுவது என்பதைத் தீர்த்து வைத்தவர் அவர்தான். சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் கடல் வற்றி, மணல் மைதானம்போல் அகன்று கிடந்தது. அதைப் பார்த்து இடம் குறித்திருந்தால் ஞாயிறு ஆராதனை முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கும். அவர் சொன்ன கணக்கு எளிது. பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஞாயிறுதான் ஈஸ்டர். ஆனால் அது பௌர்ணமிக்கு மறுநாளும் வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் பெரிது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே இங்கே இரண்டு மீட்டருக்குக் கிட்ட வித்தியாசம் இருக்கும். ஒரு வாரம் தள்ளினால் அதில் பாதிகூட இராது. 2025இல் பௌர்ணமி ஏப்ரல் 13, ஈஸ்டர் 20. கடல் அடங்கியிருந்தது. 2026இல் பௌர்ணமி ஏப்ரல் 2, ஈஸ்டர் 5. மூன்றே நாள் இடைவெளி. போதாததற்கு, பௌர்ணமியன்று இந்தக் கரையில் விடியற்காலம் நாலு மணிக்கு முன்னே பின்னே வரும் ஏற்றம், நாளுக்கு அரை மணிக்கு மேல் தள்ளிப்போய், மூன்றாம் நாள் சூரியன் எழும் நேரத்தை ஒட்டி வந்து நிற்கும். எனவே, போன வருஷம் உட்கார்ந்த இடம் இந்த வருஷத்துக்கு உதவாது.

இடத்தைக் கண்டுபிடிக்க அவர் காட்டியது இரண்டு அடையாளம்: காய்ந்த கடற்பாசி ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு, அதற்கு மேலே அடும்புக் கொடி படர்ந்த மேடு. இரண்டுக்கும் நடுவே நாற்காலி போடலாம். அடும்பை மிதிக்கக் கூடாது; மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

ஆராதனை நடத்திய போதகருக்கு இன்னொரு நன்றி. விடியும் நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கடலை முதுகாக்கி நின்று பேசினால் காற்று குரலைப் பின்னால் கொண்டுபோய்விடும், மிச்சத்தை அலை விழுங்கிவிடும். அவர் எங்களுக்குப் பின்னால் மேட்டில் நின்று பேசினார். நாங்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தோம். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. (கண்ணசந்தவர்களை அவரால் பார்க்க முடியவில்லை என்பது உபரி லாபம்.) மெழுகுவர்த்திகளைப் பாதி மணல் நிரப்பிய ஜாம் பாட்டிலுக்குள் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

பாட்டுத் தாள் அடித்துக்கொடுத்த அக்காவுக்கு: இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் பெரியவர்களுக்கு, மறுபக்கம் அதே கீர்த்தனை ஆங்கில எழுத்தில் சின்னவர்களுக்கு. வரி எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததால் ஆயாவும் பேத்தியும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு பாட முடிந்தது. எழுத்தைப் பெரிதாகப் போட்டது நல்லது. இருட்டில் சின்ன எழுத்து யாருக்கும் தெரியாது.

உயிர்காக்கும் காவலர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. நிறவாரியாகப் பொது இடங்களைப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த தலைமுறை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 1989 நவம்பரில்தான் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தன. நீச்சல் பழகாமலே அறுபதைத் தாண்டியவர்கள் நம்மவரில் ஏராளம். அந்தக் காவலர்கள் அவர்களைக் கேலி செய்யாமல் பாறைகளுக்கு நடுவே கட்டிய கடற்குளத்தில் இறங்கச் சொன்னார்கள். சிறுவர்களுக்கு மணலில் படம் போட்டே இழுவை நீரோட்டத்தைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவே அலை உடையாமல் கறுத்து அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து. தெரியாதவர்கள் அமைதி என்று நினைத்து அங்கேயே இறங்குவார்கள். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். கரையோரக் கம்பத்தில் தொங்கும் ரோஸ் நிற மிதவை விளையாட்டுப் பொருள் அல்ல. உதவிக்கு இறங்குபவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அழைக்கும் எண் அதன்மேலேயே அச்சிட்டிருக்கும்.

சுறா வலை பற்றியும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். வலை ஒன்று 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், கரையிலிருந்து 300 முதல் 500 மீட்டருக்குள் கட்டியிருப்பார்கள். அது வேலி அல்ல. மேலேயும் கீழேயும் பக்கத்திலும் சுறா வர வழியுண்டு. மழைக்குப் பிறகு ம்பாம்பன்யோனி ஆறு செம்மண் தண்ணீரைக் கொண்டுவந்து கலக்கும்போது, குளிக்கலாம் என்று காட்டும் கொடி பறந்தாலும் இறங்காதிருப்பது நல்லது. கலங்கல் தண்ணீர்தான் சுறாவுக்குத் தோது.

பிள்ளைகள் வழி தவறினால் அழைக்க, போன் எண்ணோடு மணிக்கட்டுப் பட்டை தைத்துக் கொடுத்த சின்னம்மாவுக்கும் நன்றி. கையில் பேனாவால் எண் எழுதினால் சன்ஸ்கிரீன் பட்டதும் அழிந்துவிடும். துணிப்பட்டை போகவில்லை.

அடுத்த கூடாரத்துச் சூலு இனக் குடும்பம் இல்லாவிட்டால் எங்கள் பந்தல் வெள்ளிக்கிழமையே பறந்திருக்கும். வாடகைக்குத் தந்தவர்கள் கொடுத்த ஆணிகள் புல்தரைக்கானவை, மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, அரை மீட்டர் ஆழத்தில் கிடையாகப் புதைத்து மிதித்தார்கள். மூலைக்கு ஒன்று. தென்மேற்குக் காற்று அடித்த இரவில் பந்தல் முனகியதோடு சரி.

இனி சாப்பாடு. பிரியாணிக்கு நின்ற அண்ணனின் கணக்கு 46 பேருக்கு: அரிசி 5 கிலோ, ஆட்டுக்கறி 7 கிலோ, கறுப்பு மசூர் பருப்பு 1 கிலோ, உருளைக்கிழங்கு 3 கிலோ, வெங்காயம் 3 கிலோ, புளித்த பால் 2 லிட்டர், நெய் அரைக் கிலோ. ஒரே பெரிய பாத்திரம் வேண்டாம் என்று பிடிவாதமாக இரண்டாகப் பிரித்தார். 5 கிலோ அரிசியின் பாரத்தில் அடியில் உள்ளது குழைந்துபோகும், மேலே உள்ளது விறைப்பாக நிற்கும். மசூரைத் தனியே, நசுக்கினால் உடைகிற அளவுக்கு மட்டும் வேகவைத்தார். அரிசி முக்கால் வேக்காடு. கேஸ் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும் தகரம் நிறுத்தினார். நாலாவது பக்கத்தையும் அடைத்தால் சுடருக்குக் காற்று கிடைக்காது, சிலிண்டரும் சூடேறும். தகரமே இல்லாவிட்டால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, பாத்திரத்தின் ஒரு மூலை தீயும், எதிர்மூலை வேகாது. தம்முக்கு அடியில் தோசைக்கல், மூடிமேல் கரி, முக்கால் மணி நேரம்.

ஞாயிறு காலைக்கு, உயிர்த்தெழுந்த இயேசு கரையில் சீடர்களுக்கு மீனும் அப்பமும் கொடுத்ததைச் சொல்லும் யோவான் 21ஐ வாசித்து முடித்ததும் கரையில் மீனும் அப்பமும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கரிநெருப்பு கிடைத்தது, மீன்தான் டப்பாவிலிருந்து வந்தது. 400 கிராம் டின் 12. பெரியம்மா முள்ளை எடுத்து, டின் சாற்றைத் தனியே வைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியபின் சாற்றை ஊற்றிச் சுண்டவிட்டு, மீனைக் கடைசியில் போட்டார். முதலில் போட்டுக் கிளறினால் கூழ்தான் மிஞ்சும். ரொட்டி 14.

சாமான் ஏற்றிவந்த பக்கிகளின் (பின்னால் திறந்த சின்ன சரக்கு வண்டிகளின்) ஓட்டுநர்கள், ஐஸ் தந்த கடைக்காரர், குப்பையைப் பிரித்து அள்ளிய இளைஞர்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

பிரியாணிப் பாத்திரத்தின் மூடி ஒன்று மாறி வந்துவிட்டது. கைப்பிடியில் சிவப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. உரியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் கேளுங்கள். எங்களுடையது பிடி உடைந்தது, அது உங்களிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாற்பத்தாறு பேரும்