செல்லியின் மூட்டுவலியும் உன் கேள்வித்தாளும்

குன்னூர்

அன்புள்ள கயல்,

நலம். உன் நலம் அறிய ஆவல். மூட்டுவாதம் வந்த நாய்களை வீட்டில் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று நீ ஆராயப் போகிறாய் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேப்பேரியிலிருந்து நீ அனுப்பிய கேள்வித்தாளை இருவரும் வரி விடாமல் படித்தோம். கேட்க வேண்டியவற்றில் சில அதில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"உங்கள் நாய்க்கு வலி இருக்கிறதா?" என்ற கேள்வியை எடுத்துவிடு. பெரும்பாலானவர்கள் இல்லை என்றுதான் எழுதுவார்கள். வலித்தால் நாய் கத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. மூட்டு தேய்ந்த நாய் பெரும்பாலும் சத்தமே போடாது. கண்ணில் பட்டதைக் கேள். படிக்கட்டின் முன் தயங்கி நிற்கிறதா? காலையில் எழுந்ததும் விறைப்பாக நடந்து, போகப் போக இளகுகிறதா? ஒரே மூட்டை ஓயாமல் நக்குகிறதா? ஒரு தொடை மற்றதைவிட மெலிந்திருக்கிறதா?

செல்லி இப்போது எழுவதை நீ பார்க்க வேண்டும். முன்னங்கால்களை ஊன்றி மார்பை உயர்த்துகிறாள். அப்படியே சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு தலையைத் தாழ்த்தி, பாரம் முழுவதையும் முன்னால் தள்ளி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறாள். இடது பின்கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. வால் மட்டும் எப்போதும்போல் ஆடுகிறது. இதைப் பார்க்கும் விருந்தாளிகள், "வயசானாலும் குஷியாக இருக்கிறாளே" என்கிறார்கள்.

வீட்டில் செய்வதைக் கேட்டிருந்தாய். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டிருக்கிறோம். டைல்ஸில் கால் வழுக்கினால் அன்று முழுவதும் நொண்டுகிறாள். பாதத்தின் அடியில் வளரும் முடியை அப்பா கத்தரித்து விடுகிறார், நகத்தையும்தான். ஒரே நீண்ட நடைக்குப் பதில் சிறு சிறு நடைகள். குன்னூரில் படி இல்லாத வீடு ஏது? வாசல் படிகளில் வயிற்றுக்கடியில் தடித்த துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறோம். மார்கழிக் குளிரில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைக்கிறேன். சூட்டை முதலில் என் முன்கையில் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது சாப்பாடு. அதற்கு நீ ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறாய்! என்ன உணவு என்று கேட்டால் போதாது, எத்தனை கைகள் ஊட்டுகின்றன என்று கேள். நான் அளந்து வைப்பேன். பாட்டி முறுக்கை உடைத்துப் போடுவார். பால்காரர் பிஸ்கட்டோடு வருவார். எல்லாம் அன்புதான், ஆனால் அத்தனை பாரமும் தேய்ந்த இடுப்பின்மேல்தான் இறங்குகிறது. 2002இல் வெளியான லாப்ரடார் ஆய்வை நீதானே சொன்னாய்? 48 நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுக்கு மருந்து தேவைப்பட்டதும் தள்ளிப்போனது. பருத்த நாய்க்கு எடையில் ஆறு சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறையும் என்றும் நீ அனுப்பிய கட்டுரையில் இருந்தது. முப்பது கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோகூட இல்லை. இதைப் பாட்டியிடம் சொன்ன பிறகுதான் முறுக்கு நின்றது.

மருந்துக் கேள்வியில் உன் தொனி கண்டிப்பாக இருக்கிறது. "மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுத்ததுண்டா?" என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? "வலி அதிகமான இரவில், கையில் இருந்தவற்றில் எதைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பார். அப்போதுதான் ஐபுப்ரோஃபென் கொடுத்தவர்கள் வாய் திறப்பார்கள். அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை அவர்களிடம் பதமாகச் சொல்லவும் உனக்கு வழி கிடைக்கும். டாக்டர் எழுதிய மாத்திரை தீர்ந்தபின் எப்போது வாங்கினார்கள், பாதியாக உடைத்துக் கொடுத்தார்களா என்றும் கேள். காசு இல்லாத மாதத்தில் நாயின் கால் என்ன ஆகிறது என்பது அந்தப் பதிலில்தான் தெரியும்.

சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மருந்தே இல்லாத மாத்திரையைத் தின்ற நாய்களும் தேறிவிட்டதாக வளர்ப்பவர்களும் டாக்டர்களும் சொன்னார்கள், காலின் அழுத்தத்தை அளந்த கருவி மட்டும் மாற்றம் இல்லை என்றது என்று போன மாதம் நீயே சொன்னாய். பாசம் கண்ணை மறைக்கும். அதனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாய் நடப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்.

நாயைத் தூக்குகிறவரைப் பற்றியும் ஒரு கேள்வி வை. செல்லியைப் படி இறக்கிவிட்டு அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

திருத்திய தாளைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பு. நம் தெருவிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுதத் தயங்குகிறவர்களிடம் கேட்டு நான் நிரப்பித் தருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா