கடைசி எழுத்தைப் பார்த்துப் பாட்டை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஷா ஆலாமிலும் பினாங்கிலும் போன் ஒதோரி என்னும் ஜப்பானிய நடன விழாவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள், கரோக்கே அறையிலும் தீபாவளித் திறந்த இல்லத்திலும் ஜப்பானியப் பாட்டுகளை ஆசையோடு பாடுகிறார்கள். பாடட்டும். பாட்டை எடுக்கும் முறைதான் சரியில்லை. கைப்பேசியில் அதிகம் ஓடும் பாட்டு எதுவோ அதை எடுத்து, வரிகளை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். இரண்டாவது அடியிலேயே திரை ஓடிவிடுகிறது, பாடுகிறவர் பின்தங்கிவிடுகிறார். தமிழ் நாளிதழ்களும் இந்தப் பாட்டுப் பெயர்களை ஆங்கில வழியாகவே அச்சிடுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில், பாட்டை எடுக்க ஒரு சங்கிலி ஆட்டம். நம் பாட்டுக்குப் பாட்டைப் போல ஜப்பானியரிடம் ‘ஷிரிதொரி’ உண்டு. வாலைப் பிடிப்பது என்று பொருள். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும், சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது, ‘ன்’ என்று முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். ஜப்பானிய மொழியில் எந்தச் சொல்லும் ‘ன்’ ஒலியில் தொடங்காது என்பதே காரணம். தமிழிலும் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால் நம்மவர்களுக்கு இந்த விதியை விளக்கவே தேவையில்லை.

இதைப் பாட்டுப் பெயர்களைக் கொண்டு ஆடும்போது, புகழ்பெற்ற பாட்டுகளே முதலில் கவிழ்க்கும். யொனெசு கென்ஷியின் 2018ஆம் ஆண்டுப் பாட்டு ‘ரெமொன்’. சொன்ன உடனே தோல்வி. கார்ட்டூன் பாட்டின் பெயரை ‘தொரஎமொன்’ என்று மட்டும் சொன்னாலும் அதே கதிதான், ‘தொரஎமொன் நொ உத’ என்று முழுப்பெயர் சொன்னால் ‘த’வில் முடிந்து பிழைத்துக்கொள்ளலாம். தனிமுரா ஷின்ஜியின் ‘ஸுபரு’ (1980) ‘ரு’வில் முடிகிறது. எதிரணியை முடக்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது, ஏனெனில் ஜப்பானியத்தின் பழைய சொற்களில் ரகர வரிசையில் தொடங்குபவை இல்லை. நாம் இராமன், உரோமம் என்று முன்னால் உயிர் சேர்த்துக்கொள்கிறோமே, அதே கூச்சம் அந்த மொழிக்கும் இருந்தது. ‘ரு’ கிடைத்தவர் அவசரத்தில் ‘ரூஜு நொ தென்கொன்’ (1975) என்பார். ‘ன்’னில் முடிந்து ஆட்டம் போய்விடும். தெராஓ அகிராவின் ‘ருபீ நொ யுபிவ’ (1981) தெரிந்தவர் தப்பிப்பார், அது ‘வ’வில் முடிகிறது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு ‘ரு’ பாட்டைத்தான் எறியலாம் என்று முன்பே கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது.

புதியவர்களுக்கு ஏழு பாட்டுகளில் ஒரு வளையம் போதும். ‘தொரஎமொன் நொ உத’ த-வில் முடியும். அதைப் பிடித்து ‘தன்கோபுஷி’, அது ஷி-யில் முடிய ‘ஷபொன்தம’ (ஜப்பானிய எழுத்தில் ‘ஷ’வும் ‘ஷி’யைக் கொண்டே தொடங்கும்), ம-வுக்கு ‘மயொனக நொ தொஅ’, அ-வுக்கு ‘அகதொம்பொ’, ஹொ-வுக்கு ‘ஹொதரு நொ ஹிகரி’, ரி-க்கு ‘ரிங்கொ நொ உத’. மறுபடி ‘த’ வந்துவிட்டது. ‘தன்கோபுஷி’ போன் ஒதோரி மேடையைச் சுற்றி ஆடும் நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. தோண்டுவது, தோளில் போடுவது, வண்டி தள்ளுவது என்று கை பழகியிருப்பதால் வாயும் சீக்கிரம் பழகும். ‘ஹொதரு நொ ஹிகரி’யின் மெட்டு, பிரிவு விழாக்களில் நாம் கேட்கும் அதே ஸ்காட்லாந்து மெட்டுதான்.

இந்த வளையத்திலேயே சண்டை வரும் இடங்கள் உண்டு. ‘அகதொம்பொ’வின் கடைசி எழுத்து ‘bo’ ஒலி. அதை ‘ஹொ’வாக மாற்றி எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த பாட்டு செல்லும். ஜப்பானிய எழுத்தில் ‘ஹொ’வின் மேல் இரண்டு சிறு கோடு போட்டால் ‘bo’ ஆகிவிடும், ஆகவே இது பலர் ஏற்கும் சலுகை. ‘மயொனக நொ தொஅ’வுக்கு அலைக்கோட்டுக்கு (〜) பிறகு ஆங்கிலத் துணைப்பெயர் ஒன்று இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். எல்லாவற்றிலும் சிக்கலானது சகமொதொ கியூவின் ‘உஎ ஒ முஇதெ அருகோ’ (1961). காதுக்கு ஓகாரத்தில் முடிகிறது, எழுத்திலோ கடைசி எழுத்து ‘உ’. எழுத்தைக் கொண்டால் உ-வில் தொடங்கி உ-விலேயே முடியும் பாட்டு. இதில் எழுத்தையே கொள்வது நல்லது, காதை நம்பினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். 1963இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த இதே பாட்டு அங்கே ‘ஸுகியகி’ என்ற பெயரில் வெளியானது. அது ஓர் இறைச்சி உணவின் பெயர், பாட்டோடு சம்பந்தமே இல்லை. கரோக்கே பட்டியலில் இரண்டு பெயரிலும் தேடலாம், சங்கிலியில் மூலப்பெயரை மட்டுமே ஏற்க வேண்டும்.

இனிப் பாடுவது. நம்மவர் பின்தங்கக் காரணம் நாக்கு அல்ல, மாத்திரைக் கணக்கு. தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்தில் முதல் இரண்டும் அப்படியே, ஆனால் ‘ன்’னுக்கும் இரட்டிப்பின் முதல் மெய்க்கும் முழுதாக ஒரு மாத்திரை. மேசையில் தட்டிப் பாருங்கள்: ‘நிப்பொன்’ நமக்கு நிப், பொன் என்று இரண்டு தட்டு, அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று நான்கு. பெரும்பாலும் அந்த ‘ன்’னுக்கென்றே ஒரு ஸ்வரம் இருக்கும். அதை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனால் திரையில் நிறம் ஏறுவதற்குள் நீங்கள் முந்திவிடுவீர்கள், பிறகு தடுமாறிக் காத்திருந்து பின்தங்குவீர்கள். கரோக்கே என்று நாம் சொல்லும் சொல்லே க-ர-ஒ-கெ, நான்கு குறில்.

ஆகவே வரிகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் பெரும்பாலும் தொலைந்துபோகும். ‘ஒபஸன்’ அத்தை, ‘ஒபாஸன்’ பாட்டி, தமிழில் எழுதினால் இந்த வேறுபாடு கண்ணிலேயே தெரியும். ஆனால் இரண்டு தமிழ்ப் பழக்கங்களை அடக்க வேண்டும். ஒன்று, உடம்படுமெய். ‘உஎ’ என்று எழுதினால் இலக்கணம் உறுத்தும், அதற்காக ‘உவெ’ என்று எழுதினால் பாட்டு மாறிவிடும். மற்றது, வல்லினத்தை அழுத்த இரட்டிப்பது. ‘ஒதொ’ என்றால் ஓசை, ‘ஒத்தொ’ என்றால் கணவன். சொல்லின் நடுவில் வரும் ஒற்றை வல்லினத்தை நாம் மென்மையாக ஒலிப்போம் என்பதால், வெறும் க, த, ப எங்கே வந்தாலும் வல்லோசை என்றும், அடியில் கோடு போட்டவை மட்டும் மெல்லோசை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் போதும். சொல்லின் இறுதி உகரத்தை உதடு குவிக்காமல் நம் குற்றியலுகரமாகவே சொல்லலாம், அது ஜப்பானிய உச்சரிப்புக்கு மிக நெருக்கம்.

வேகத்தைத் தாளத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. யொஅஸொபி இரட்டையரின் ‘யொரு நி ககெரு’ நிமிடத்துக்கு 130 தட்டு, 1995இன் ‘ஸன்கொகு ந தென்ஷி நொ தேஸெ’யும் ஏறத்தாழ அதே வேகம். பின்னதில் மூச்சுவிட இடம் இருக்கிறது, முன்னதில் எழுத்துகள் நெருக்கியடித்து வருவதோடு கடைசிப் பல்லவியில் சுருதியும் மாறுகிறது. பல்லவியின் முதல் அடியைத் தட்டிப் பார்த்து, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்துக்கு மேல் விழுந்தால் அந்தப் பாட்டை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

சுருதிக்கு ‘அகதொம்பொ’ நல்ல பரிசோதனை. ஐந்தே ஸ்வரம், நம் மோகனம். ஆனால் முதல் அடியே மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மேல் ஷட்ஜத்தைத் தொடுகிறது. தொடக்கம் வசதியாக இருக்கிறதே என்று நம்பிப் போனால் அடி முடிவதற்குள் குரல் உடையும். உச்சியை முதலில் பாடிப் பார்த்து, எட்டவில்லையென்றால் சுருதிப் பொத்தானை இரண்டு அல்லது மூன்று முறை கீழே அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஓர் அழுத்தம் அரை ஸ்வரம். பாடும்போது நடுவில் அழுத்த வேண்டாம்.

‘குன்க’ எனப்படும் இராணுவப் பாட்டுகளும், பெயர் ‘கோஷின்க்யொகு’ என்று முடியும் போர்க்கால அணிவகுப்புப் பாட்டுகளும் பட்டியலில் தட்டுப்படலாம். மெட்டு துள்ளலாக இருக்கிறதென்று பிள்ளைகள் எடுத்துவிடக்கூடும். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் அந்தப் பாட்டுகள் ஒலிக்கக் கூடாது. ஜப்பானிய தேசிய கீதமும் ஆட்டத்துக்கு உரியதல்ல. ஆக்கிரமிப்புக் காலத்தில் இங்கே பள்ளிப் பிள்ளைகளைப் பாட வைத்த கீதம் அது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் ஜப்பானியப் பாட்டின் பெயரை அச்சிடும்போது, ஜப்பானிய எழுத்தைப் பார்த்துக் குறில் நெடில் பிசகாமல் தமிழில் கொடுத்து, பக்கத்தில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் குறிப்பிடுங்கள். வாரம் ஐந்து பாட்டு போதும்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழிப் பயிற்றுநர்,
செந்தூல், கோலாலம்பூர்