ராயபுரத்துக்கு ஒரு நன்றி மடல்

ராயபுரம், காசிமேட்டு மக்களுக்கும், எங்கள் அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) அக்காமார்களுக்கும் வணக்கம்.

அம்மா இறந்த முப்பதாம் நாள் திருப்பலி போன சனிக்கிழமை முடிந்தது. அன்றைக்கே மைக்கில் நன்றி சொல்ல நினைத்தேன். பீடத்தருகே போய் நின்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவை உங்களில் பாதிப் பேருக்கு மூன்றாம் வகுப்பு டீச்சராகத் தெரியும். மீதிப் பேருக்கு ராயப்பர் கோயிலில் (புனித பேதுரு தேவாலயம்) ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவராகத் தெரியும். அப்பா போனபோது நான் ஏழாம் வகுப்பு, தம்பி நான்காம் வகுப்பு. பகலில் மாநகராட்சிப் பள்ளி, மாலையில் வீட்டில் டியூஷன், விடிகாலையில் கோயிலில் பூ வைக்கிற வேலை. இதற்கு நடுவில் எங்கள் இருவருக்கும் தலை வாரி, சாப்பாடு கட்டி அனுப்பினார். ஒருநாள்கூட எங்களைப் பட்டினியாகப் பள்ளிக்கு அனுப்பியதில்லை. எப்போது தூங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவிடம் ஒரு பழக்கம். யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, பத்திரிகையை வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டையில் ல, ஒன்றில் ள, ஒன்றில் ழ என்று எழுதுவார். நம்ம ஏரியாவில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ என்றுதானே வாயில் வரும்? அதைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் யாரும் கேலி செய்ய விடமாட்டார். “வீட்டுல பேசுறதும் நல்ல பேச்சுதான். இது இன்னொரு பேச்சு, இதையும் கத்துக்கோ” என்பார். அப்புறம் நாக்கை உள்ளே மடித்து, வாயைத் திறந்து காட்டுவார். ஒவ்வொரு பிள்ளையும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சரியாக அது முடிகிற நேரத்தில்தான் பள்ளியும் காலேஜும் திறக்கும், வீட்டில் காசு இருக்காது. அதனால் மே மாதம் பிறந்தாலே அம்மா கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் நின்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பணம் சேர்ப்பார். தனக்கென்று யாரிடமும் பத்து ரூபாய் கேட்காதவர், இதற்கு மட்டும் கூச்சமில்லாமல் கேட்பார்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து பூ ஜாடியை எடுக்கும்போதுதான் அம்மா சாய்ந்தார். வலது கை தொங்கியது, பேச்சு குழறியது. களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கப் போனோம். வாசலில் நின்ற ஆட்டோ தம்பிதான், “அக்கா, தண்ணி குடுக்காதீங்க, வாய் கோணியிருக்கு, இது பக்கவாதம்” என்று சொல்லி அம்மாவைத் தூக்கினார். அவர் அம்மாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். முதலில் போன தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நின்று வாதாடிக்கொண்டிருக்காமல் நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பினார். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அம்மாவுக்கு நேரத்தோடு போட்டார்கள். ஆட்டோ தம்பி, அடுத்து வந்த ஐந்து மாதமும் நீ கொடுத்தது. வாடகை என்று கையை நீட்டினால் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். இன்றுவரை நீ வாங்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களும் தயவுசெய்து மனதில் வையுங்கள். முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வார்டில் இரவு முழுக்க அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்த நர்ஸ் தங்கைகளுக்கு நன்றி. வாட்டர் பெட்டும் வாக்கரும் கொண்டுவந்த அன்பியத்து அக்காமார்களுக்கும், முறை வைத்து மதியச் சாப்பாடு கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு ஆன்ட்டிக்கும் நன்றி.

காசிமேட்டு அண்ணன் ஒருவர் தினமும் மாலையில் வந்து, அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவார். தடைக்காலத்தில் அவர் விசைப்படகு கரையில் நின்றது, வருமானம் இல்லை. அப்படியும் பைபர் படகுக்காரர்களிடம் கேட்டு வாங்கிய சங்கரா மீனைக் காரமில்லாமல் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். எதற்கண்ணா இதெல்லாம் என்று கேட்டேன். “2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயித்துக்கிழம. புள்ளைங்கள தூக்கினு ஓடியாந்தோம். பூசைக்குப் போயிட்டு வந்த டீச்சர் மாத்துப் பொடவைகூட இல்லாம ரெண்டு நாளு எங்களுக்குக் கஞ்சி காச்சினாங்க. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது” என்றார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக் குட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவுக்குப் பேச்சு திரும்பியபோது முதலில் வராதது அந்த ழ தான். பழம் என்று சொல்லப்போனால் ‘பயம்’ என்று வரும், அம்மா அழுதுவிடுவார். குட்டி பிஸ்கட் டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தாள். “டீச்சர், நாக்க உள்ள மடிங்க. இப்படி.” தன் வாயைத் திறந்து காட்டினாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் இதே வேலை. ஜூலையில் ஒரு மாலை, சமையலறையில் இருந்த எனக்கு ‘வாழைப்பழம்’ என்று அம்மாவின் குரல் கேட்டது. முழுசாக, தெளிவாக. குட்டி கை தட்டினாள். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

ஆகஸ்டில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது நேரம் கிடைக்கவில்லை. காசிமேடு கல்லறையில் அப்பாவோடு சேர்த்து அடக்கம் செய்தோம். அன்று மழையில் நனைந்துகொண்டே பாடிய பாடகர் குழுவுக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று காலையில் நானும் தம்பியும் அங்கே இருப்போம், முடிந்தவர்கள் வாருங்கள். வாக்கரும் வாட்டர் பெட்டும் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். யாருக்குத் தேவையோ சொல்லுங்கள், தம்பி கொண்டுவந்து கொடுப்பான். அட்டைகள் இரண்டு டப்பா நிறைய இருக்கின்றன, பிள்ளைகளுக்கு வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ழ அட்டையை மட்டும் குட்டி ஏற்கெனவே வாங்கிக்கொண்டாள்.