அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு

1988-இல் நடந்தது. நானும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே உயிர்த்தோழிகள், அது எப்போது காதலாக மாறியது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. வீட்டுக்குத் தெரிந்ததும் "இது வியாதி" என்று அவளைக் கொண்டுபோய் மனநல வார்டில் சேர்த்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்க்கலாம், தோழிக்கெல்லாம் அனுமதி கிடையாது.

சிஸ்டர், நீங்கள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வார்டு வாசலில் நான் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, நோட்டில் உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று நீங்களாகவே எழுதி, "போய்ப் பார்த்துட்டு வாம்மா" என்றீர்கள். அப்புறம் நான் கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, யார் என்ன சொன்னாலும் நீங்கள் இரண்டு பேரும் நம்பிவிடாதீர்கள் என்று சொல்லி, அந்த வருடத்தை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தீர்களே, அதை அவளிடம் காட்டியபோதுதான் அவள் முகத்தில் பயம் விலகியது. உலக சுகாதார நிறுவனமே 1990-இல்தான் தன் பட்டியலைத் திருத்தியது. அதற்கு முன்னாலேயே, வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், நீங்கள் எங்கள் பக்கம் நின்றீர்கள்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் சிஸ்டர், நன்றாக இருக்கிறோம். இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், இரண்டு பேரும் உங்களை நேரில் வந்து பார்க்க வேண்டும்.